பிள்ளைக்குக் கார் சீற்: கடையில் வாங்கவா, கனடாவில் இருந்து வருவதை வைக்கவா?

போன மாதம் ஒரே கிழமைக்குள் மூன்று பேர் என்னிடம் இதே கேள்வியோடு வந்தார்கள். மல்லாவியில் இருக்கிற தங்கச்சி ஒருத்திக்கு ஐந்து மாதப் பிள்ளை. ரொறன்ரோவில் இருந்து மச்சாள் வரும்போது தன் மகன் இருந்த சீற்றைக் கொண்டுவரட்டோ என்று கேட்கிறாவாம், சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கிளிநொச்சியில் வங்கியில் வேலை செய்கிற ஒருவர் அண்மையில் வாகன் ஆர் கார் எடுத்திருக்கிறார், கொழும்புக்குப் போய்க் கைபிடி வைத்த சின்னக் கூடையை வாங்குவதா, நான்கு வயது வரைக்கும் போகிற பெரிய சீற்றை வாங்குவதா என்று மண்டையைப் போட்டு உடைக்கிறார். மூன்றாவது ஆளிடம் வாகனமே இல்லை. பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கூட்டிப்போக இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வான் பிடிக்கிறவர். "எனக்கும் இது தேவையோ, இல்லாட்டி வாகனம் வைத்திருக்கிறவைக்கோ?" என்று கேட்டார். மூன்று கேள்வியிலும் அதுதான் நல்ல கேள்வி.

நான் இதில் காசைக் கரியாக்கின ஆள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

## மடியில் வைத்திருந்தால் போதாதா?

அம்மம்மாமார் எல்லாரும் கேட்பது இதைத்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற வாகனம் எதிலாவது மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். நல்ல பனையில் அரைவாசி உயரம். ஏ9இல் ஓமந்தை தாண்டினால் யார் 50இல் போகிறார்கள்? 80 என்றால் அது 25 மீற்றர், அதாவது முழுப் பனை. அந்த உயரத்தில் இருந்து விழுகிற 8 கிலோப் பிள்ளையை எந்தத் தாயின் கையும் பிடித்துவைக்காது, பாசத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாய் பெல்ட் போடாமல் பிள்ளையை மடியில் வைத்திருந்தால் இன்னும் மோசம், தாயின் எடை முழுக்கப் பிள்ளையின் மேல் வந்து விழும். பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டாலும் இதே கதைதான்.

சிறு பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை. முன்பக்கம் பார்த்து இருக்கிற பிள்ளையின் உடம்பைப் பட்டி பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னுக்குப் பாயும். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சீற்றின் ஓடே, அதாவது அதன் கெட்டியான பிளாஸ்ரிக் கூடே, ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். இந்த ஒரு விசயம் விளங்கினால் கீழே நான் சொல்லப்போகிற பாதி தானாக விளங்கும்.

## எதை வைத்து அளப்பது?

விலையையும் நிறத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் அளவுகோல், பிள்ளை எந்த வாகனத்தில் போகிறது என்பது. ஒரே காரா, ஒவ்வொரு முறையும் வேறு வேறு வானா? வன்னியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியென்றால் எந்த வாகனத்திலும் பெல்ட்டால் பூட்டக்கூடிய சீற் வேண்டும்.

இரண்டாவது, பின்பக்கம் பார்த்தபடி எவ்வளவு காலம் வைக்கலாம் என்பது. ஐரோப்பிய முறைச் சீற்றில் இரண்டு விதமான முத்திரை வரும், இரண்டிலும் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து இருக்கும். பழைய ஆர்44 (R44) முறை எடையை வைத்துப் பிரிப்பது. 9 கிலோ வந்தால் முன்பக்கம் திருப்பலாம் என்று அது விட்டுவிடுகிறது. கொழுகொழுப் பிள்ளை ஒன்று ஒன்பது மாதத்திலேயே 9 கிலோவைத் தொட்டுவிடும், ஆனால் கழுத்துக்கு வயது ஒன்பது மாதம்தானே. புதிய ஆர்129 (R129) முறை, ஐ-சைஸ் (i-Size) என்பார்கள், உயரத்தை வைத்துப் பிரிப்பது. அதில் 15 மாதத்துக்கு முன் முன்பக்கம் திருப்பவே கூடாது. பக்கவாட்டில் இடிபடுவதற்கும் சோதிக்கிறார்கள். ஐரோப்பாவில் 2024 செப்டெம்பரோடு ஆர்44 சீற்றுகளைக் கடைகளில் விற்பதை நிறுத்தினார்கள். இருக்கிற ஆர்44 சீற் குப்பை என்று அதற்கு அர்த்தமில்லை, அதையே வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 9 கிலோ வந்ததும் அவசரப்பட்டுத் திருப்பாமல் இருந்தால் சரி.

எடையும் உயரமும் தெரிய எங்கும் ஓடத் தேவையில்லை. மிட்வைஃப் அக்கா எழுதித் தந்த பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் வளைகோடாகவே இருக்கிறது. கடைக்குப் போகும்போது அந்தப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மூன்றாவது, சீற்றின் வரலாறு. எப்போது செய்தது, எப்போது காலாவதி, விபத்தில் சிக்கியதா? கடைசியாக, யார் பூட்டப் போகிறார்கள் என்பது. நீங்கள் வேலைக்குப் போக அம்மம்மா பிள்ளையோடு போகிறா என்றால், அவவுக்குப் பூட்டத் தெரியாத சீற் எவ்வளவு விலையானாலும் வெறும் கதிரைதான்.

## கைபிடி வைத்த கூடைச் சீற்

பிறந்த நாளில் இருந்து 13 கிலோ வரை என்று எழுதியிருக்கும். நம்பாதீர்கள். எடைக்கு முன் உயரம் முந்திக்கொள்ளும், தலையின் உச்சி ஓட்டின் விளிம்புக்கு வந்ததும் அந்தச் சீற்றின் காலம் முடிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஒரு வயதில் இருந்து ஒன்றேகால் வயதுக்குள் வந்துவிடும்.

ஆனால் பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருந்துவது வேறில்லை. சாய்வு சரியாக இருக்கும், தோள்பட்டி சின்ன உடம்புக்கு ஏற்றபடி கீழே வரும், நித்திரையான பிள்ளையை எழுப்பாமல் கூடையோடு தூக்கிக்கொண்டு போகலாம். இந்தக் கடைசி வசதிதான் வம்பும். வீட்டுக்குள் கொண்டுபோய் அப்படியே விறாந்தையில் மணிக்கணக்காக நித்திரையாக விடுவார்கள். சின்னப் பிள்ளையின் தலை முன்னுக்குச் சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைக்கும். நீண்ட பயணத்திலும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இருத்தக் கூடாது, பிறந்து சில கிழமையான பிள்ளைக்கு அரை மணித்தியாலமே போதும் என்பார்கள். மல்லாவியில் இருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் முறிகண்டியில் எப்படியும் நிறுத்தத்தானே போகிறீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குகிற நேரத்தில் பிள்ளையையும் வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்திருங்கள்.

நான் மூத்தவனுக்கு வாங்கியது இதைத்தான். அவன் பத்து மாதத்திலேயே நெடுத்துவிட்டான். எண்ணிப் பார்த்தால் ஏழு பயணம். ஏழு பயணத்துக்கு ஒரு சீற்! அப்போது பக்கத்து வீட்டில் கைப்பிள்ளை ஒன்று இருந்ததால் கொடுத்தேன், இல்லாவிட்டால் அறைக்குள் துணி போடத்தான் ஆகியிருக்கும்.

இதைப் போலவே தோற்றத்தில் வெறும் பிளாஸ்ரிக் கூடைகளும் கடைகளில் இருக்கின்றன, பிள்ளையைத் தூக்கவும் ஆட்டவும் செய்தவை. 'E' முத்திரையோ, கனடாச் சீற் என்றால் மேப்பிள் இலை முத்திரையோ இல்லாதது கார் சீற் இல்லை. இணையத்தில் மலிவாக விற்கிற துணிமெத்தைப் பட்டியும் அப்படித்தான், அதை வாங்குவதற்கு அந்தக் காசுக்குப் பால்மா வாங்கலாம்.

## இருபக்கமும் திருப்பக்கூடிய சீற்

பிறப்பில் இருந்து 18 கிலோ வரை, அல்லது ஐ-சைஸ் என்றால் 40 முதல் 105 சென்ரிமீற்றர் வரை, அதாவது ஏறத்தாழ நான்கு வயது வரை. முதலில் பின்பக்கம் பார்த்து, பிறகு முன்பக்கம். காருக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும், தூக்கிக்கொண்டு திரிய ஏலாது.

ஒரு சீற்றோடு நிற்பாட்ட வேண்டும் என்றால் என் தெரிவு இதுதான். நம் பிள்ளைகள் கொஞ்சம் மெலிவு, 18 கிலோவைத் தொட ஐந்து வயதும் தாண்டலாம், அதற்கு முன் தோள்தான் மேல் துவாரத்தைத் தாண்டும். வாங்கும்போது ஒன்றை மட்டும் வடிவாகப் பாருங்கள்: பின்பக்கம் பார்த்தபடி எத்தனை கிலோ வரை, எத்தனை சென்ரிமீற்றர் வரை? சிலதில் முன்பக்கத்துக்கு 18 கிலோ, பின்பக்கத்துக்கு 13 மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பின்பக்கத்துக்கே 18 கிலோ கிடைத்தால் அதை எடுங்கள். சுவீடனில் நான்கு வயது வரையும் பின்பக்கம்தான் வைக்கிறார்கள். கால் மடங்குமே, நோகுமே என்று மாமி சொல்லுவா. பிள்ளை பாயில் சப்பாணி கட்டித்தானே இருக்கிறது, அதே மாதிரித்தான்.

மறைந்திருக்கிற செலவு இடம். பின்பக்கம் சாய்த்து வைத்தால் முன்சீற்றை நகர்த்த வேண்டிவரும், உயரமான ஆள் ஓட்டுகிற சின்னக் காரில் சாரதிக்குப் பின்னால் வைக்க முடியாது, இடப்பக்கம்தான். நடுவில் வைத்தால் பின்சீற்றில் அம்மம்மாவும் சித்தியும் நெருக்கிக்கொண்டு வருவது முடிந்த கதை. வாங்க முன் காரைக் கடை வாசலில் நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

## பிறப்பில் இருந்து 12 வயது வரை ஒன்றே

0 முதல் 36 கிலோ என்று போட்டிருக்கும். ஒரே காசில் எல்லாம் முடியும் என்று ஆசையாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் தைத்த சட்டை மாதிரி, ஒருவருக்கும் வடிவாகப் பொருந்தாது. பிறந்த பிள்ளைக்குத் தோள்பட்டி காதுக்கு மேலே நிற்கும் (பின்பக்கம் பார்க்கும்போது பட்டி தோளின் மட்டத்தில் அல்லது அதற்குக் கீழே வர வேண்டும்), பாரமும் கூட. தவிர, பிளாஸ்ரிக்குக்கும் ஆயுள் இருக்கிறது. செய்த திகதியில் இருந்து ஆறு முதல் பத்து வருடம் என்று அடியில் பொறித்திருப்பார்கள். வவுனியா வெய்யிலில் நாள் முழுக்க நிற்கிற காருக்குள் 12 வருடம் பாவிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் முதல் சீற்றே வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

## பூஸ்டர்

நான்கு வயதுக்கு மேல். இதில் தனிப்பட்டி கிடையாது, காரின் பெல்ட்டே பிள்ளைக்குச் சரியான இடத்தில் வருவதற்காக உயர்த்தி வைப்பது. முதுகு உள்ளதையே எடுங்கள். முதுகில்லாத மெத்தை 125 சென்ரிமீற்றர் தாண்டின பிள்ளைக்குத்தான். இடுப்புப் பெல்ட் தொடையின் மேலே, தோள்பெல்ட் தோளின் நடுவே. வயிற்றிலோ கழுத்திலோ ஏறினால் பயனில்லை. இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள சீற்றில் பூஸ்டர் வைக்கவே கூடாது, இது முக்கியம், ஏனென்றால் பழைய வான்களில் இருப்பது அதுதான்.

## வெளிநாட்டில் இருந்து வரும் பழைய சீற்

மல்லாவித் தங்கச்சியின் கேள்வி. என் இரண்டாவது பிள்ளை வளர்ந்ததும் ரொறன்ரோவில் இருந்து வந்த ஒரு சீற்றில்தான். சொந்தத்தில் பாவித்தது என்பது பெரிய நன்மை, யாரோ ஒருவர் விற்றதற்கு இல்லாத சாட்சி மச்சாளிடம் இருக்கிறது. விபத்தில் பட்டதா என்று நேரே கேளுங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. பெரிய மோதலில் சிக்கின சீற்றில் வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே ஓடு வெடித்திருக்கலாம்.

அடியைப் புரட்டிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். கனடாச் சீற்றில் காலாவதித் திகதி தெளிவாக இருக்கும், மேப்பிள் இலை முத்திரையும் இருக்கும். கையேடும் வேண்டும். பட்டிகளைச் சலவைத்தூளில் ஊறப்போட்டுத் தோய்த்தாவா என்றும் கேளுங்கள், ஊறவைத்தால் நூலின் பலம் போய்விடும், ஈரத் துணியால் துடைப்பதுதான் முறை.

கனடாச் சீற்றுக்கும் லண்டன் சீற்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கனடாவினதில் நெஞ்சில் ஒரு கிளிப் வரும், அது அக்குள் மட்டத்தில் நிற்க வேண்டும், வயிற்றுக்கு இறக்கினால் தீங்கு. ஐரோப்பியச் சீற்றில் அந்தக் கிளிப் கிடையாது, தொலைந்துவிட்டது என்று தேட வேண்டாம். இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று: ஐரோப்பியச் சீற்றுகள் பெரும்பாலும் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வருகிற மூன்றுபுள்ளி பெல்ட்டைக் கேட்கும். வட அமெரிக்கச் சீற்றுகளில் பலவற்றைப் பின்பக்கம் பார்த்தபடி வெறும் இடுப்புப் பெல்ட்டாலும் பூட்டலாம். பழைய வான் பிடிக்கிற வன்னிக் குடும்பத்துக்கு இது சின்ன விசயமில்லை. (கையேட்டில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.) ஆனால் கனடாச் சீற்றை முன்பக்கம் திருப்பினால் மேலே ஒரு பட்டியைக் காரின் கொளுவியில் மாட்ட வேண்டும், அது வான்களில் பெரும்பாலும் இருக்காது.

மறைந்திருக்கிற செலவு பயணப்பொதி. குழந்தையோடு வருகிறவர்களுக்குப் பல விமான நிறுவனங்கள் சீற்றை எடையில் சேர்ப்பதில்லை, தனியாள் கொண்டுவந்தால் அது ஒரு பொதி. மச்சாள் பிள்ளையோடு வருகிறாவா என்பதைப் பொறுத்தே கணக்கு.

## ஒரே பார்வையில்

| வகை | நிஜத்தில் எவ்வளவு காலம் | மறைந்த செலவு | யாருக்குச் சரி |
|---|---|---|---|
| கூடைச் சீற் | 12 முதல் 15 மாதம் | சீக்கிரமே இரண்டாவது சீற் | பிறந்ததில் இருந்து அடிக்கடி பயணம், அடிக்கடி வாகனம் மாறுகிறவர்கள் |
| திருப்பக்கூடியது | நான்கு வயது வரை | இடம், தூக்க ஏலாது | சொந்தக் கார் உள்ளவர்கள் |
| எல்லா வயதுக்கும் | சொல்வதைவிடக் குறைவு | பொருத்தமின்மை, காலாவதி | ஒன்றரை வயதுக்குப் பிறகு தொடங்குகிறவர்கள் |
| பூஸ்டர் | நான்கு முதல் பன்னிரண்டு வரை | மூன்றுபுள்ளி பெல்ட் கட்டாயம் | பெரிய பிள்ளை |
| வெளிநாட்டுப் பழையது | காலாவதித் திகதி வரை | பொதி எடை, கையேடு இல்லாமை | நம்பிக்கையான சொந்தம் உள்ளவர்கள் |

## ஐசோஃபிக்ஸா, பெல்ட்டா?

பின்சீற்றின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவுங்கள். இரண்டு இரும்பு வளையம் தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது. சீற் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும், பிழையாகப் பூட்டுவது குறைவு, அம்மம்மாவும் மாட்டுவா. ஆனால் ஐசோஃபிக்ஸில் மட்டும் நிற்கிற சீற்றை வாங்கினால் வான் பிடித்த அன்றைக்கு அது வீட்டிலேயே இருக்கும். இரண்டு முறையிலும் பூட்டக்கூடியதை எடுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வது.

பெல்ட்டால் பூட்டுகிறவர்களுக்கு ஒரு சோதனை. பெல்ட்டைக் கடைசி மட்டும் இழுத்து மெதுவாக விடுங்கள். 'டிக் டிக்' என்று பூட்டிக்கொண்டு உள்ளே போனால் நல்லது. சும்மா உள்ளே போனால் சீற்றிலேயே பெல்ட்டைக் கவ்வும் பிடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறவல் ரோட்டில் நாலு குலுக்கலில் பெல்ட் தளர்ந்துவிடும். முழங்காலால் சீற்றை அமத்திக்கொண்டு பெல்ட்டை இழுங்கள். பூட்டிய பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பிள்ளையின் தோள்பட்டியை விரலால் கிள்ளிப் பாருங்கள், துணி மடிந்து விரலுக்குள் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

முன்சீற்றில் காற்றுப்பை (எயர்பாக்) வேலை செய்கிறது என்றால் பின்பக்கம் பார்க்கிற சீற்றை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். காற்றுப்பை வெடித்து விரிந்து ஓட்டின் முதுகில், பிள்ளையின் தலைக்கு நேரே அடிக்கும். வெய்யில் மறைப்பில் ஜப்பான் மொழியில் ஒட்டியிருக்கிற படம் இதைத்தான் சொல்கிறது.

வெய்யிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுத்தி வைத்த காரில் பட்டியின் இரும்பு நாக்குத் தோசைக்கல் மாதிரிச் சுடும். இறங்கும்போது ஒரு துவாயைச் சீற்றின் மேல் விரித்துவிட்டுப் போங்கள். பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே காருக்குள் விட வேண்டாம்.

## அந்த மூன்று பேருக்கும்

மல்லாவித் தங்கச்சிக்கு: வரட்டும், படம் அனுப்பச் சொல்லு. திகதி இருக்கிறது, விபத்தில்லை, கையேடு இருக்கிறது என்றால் கடைப் பக்கமே போக வேண்டாம். உங்கள் பழைய காரில் இரும்பு வளையம் இல்லை, பெல்ட்டால் பூட்டுங்கள்.

வாகன் ஆர் காரருக்கு: கூடை வேண்டாம். பின்பக்கம் 18 கிலோ வரை போகிற திருப்பும் சீற், இடப்பக்கம். பிறந்த பிள்ளைக்கான உள்மெத்தை கூட வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வான் பிடிக்கிறவருக்கு: தேவை, உங்களுக்குத்தான் முதலில். ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் எந்தச் சீற்றும் நிற்காது, கயிறு போட்டுக் கட்ட வேண்டாம். யாழ்ப்பாணப் பயணத்துக்குக் கார் அல்லது வான்தான். பிள்ளை ஒரு வயதுக்குள் என்றால் யாரிடமாவது கூடைச் சீற்றை இரவல் வாங்குங்கள், பாரமும் குறைவு. ஆனால் வான் பேசும்போதே பெல்ட்டைப் பேசுங்கள். நான் ஒருமுறை விடிய ஐந்து மணிக்குச் சீற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர, வானில் பெல்ட்டே காணவில்லை. "கிடக்கு, கவருக்கு உள்ளுக்கை கிடக்கு" என்று சாரதி சிரித்தார். புதுச் சீற் கவர் போட்டபோது கொளுவிகள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்களாம். சவர அலகு ஒன்றை வாங்கி, டோர்ச் வெளிச்சத்தில் அவருடைய புதுக் கவரை நான் வெட்ட, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே இருந்து வந்தது இடுப்புப் பெல்ட், அதற்குள் நாலு கச்சான் கோதும். அதற்குப் பிறகு முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன்: "அண்ணை, பின்சீற்றில பெல்ட் வெளியில கிடக்கோ? மூண்டு புள்ளியோ இடுப்புக்கு மட்டுமோ? ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."